ஃபோட்டோஷாப் வாங்காமல் பழைய படங்களைச் சீர்செய்வது: ஸ்கேனிலிருந்து பிரிண்ட் வரை

பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் கல்யாண ஆல்பம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய தாத்தா படம், பழைய சான்றிதழில் ஒட்டி மேலே ரப்பர் ஸ்டாம்ப் குத்திய பாஸ்போர்ட் சைஸ் முகம். வீட்டில் சீர்செய்ய வேண்டிய படங்கள் பெரும்பாலும் இந்த மூன்று வகைக்குள் வந்துவிடும். இதற்காக மாதாமாதம் சந்தா கட்ட வேண்டியதில்லை. வேலையில் கைக்கு வருபவை வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் லெவல்ஸ், கர்வ்ஸ், நல்ல இடத்தை எடுத்துப் பழுதின் மேல் பூசும் க்ளோன், ஹீல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களில் (லேயர்) வேண்டாத இடத்தை மறைக்கும் லேயர் மாஸ்க் என்று நாலைந்து கருவிகள்தான். அத்தனையும் இலவச மென்பொருட்களிலேயே இருக்கின்றன. ஸ்கேன் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்கேன் கோணலாகிவிட்டால் எத்தனை ஆயிரம் ரூபாய் மென்பொருளும் காப்பாற்றாது.

எதை எடுப்பது

ஜிம்ப்தான் இந்தக் கட்டுரையின் முதன்மைக் கருவி. 1996 முதல் இருக்கிறது, முழு இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு லெவல்ஸ் போன்ற மாற்றங்களைச் செய்து ஓகே கொடுத்தால் படத்தோடு கலந்துவிடும். 3.0 முதல் அவை லேயரின் மேல் தனியாக நிற்கும், பிறகு திறந்து திருத்தலாம். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய நிம்மதி.

எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் ஃபோட்டோபீ. பிரவுசரிலேயே திறக்கும், ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான் விலை. படம் எந்த சர்வருக்கும் போகாது, உங்கள் கணினியிலேயே வேலை நடக்கும். தோற்றமும் மெனுவும் ஃபோட்டோஷாப்பை ஒட்டியே இருப்பதால், யூடியூபில் கொட்டிக் கிடக்கும் ஃபோட்டோஷாப் பாடங்களை அப்படியே பின்பற்றலாம். ஜிம்ப்பில் இல்லாத ஸ்பாட் ஹீலிங் பிரஷ் இதில் உண்டு. புள்ளியின் மேல் ஒரு தட்டு தட்டினால் போதும், எங்கிருந்து நிரப்புவது என்று அதுவே தேடிக்கொள்ளும்.

அஃபினிட்டி முன்பு ஒரே தடவை காசு கட்டி வாங்கும் மென்பொருளாக இருந்தது. 2024-ல் கேன்வா நிறுவனம் அதை வாங்கியது. 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். லினக்ஸுக்குக் கிடையாது. கிரிட்டா வரைபவர்களுக்கான கருவி. ஏற்கெனவே வைத்திருந்தால் அதன் ஸ்மார்ட் பேட்ச் சிறு கிழிசல்களுக்கு உதவும், இதற்கென்று புதிதாக நிறுவ வேண்டாம்.

ஜிம்ப்போடு ஜி’மிக் என்ற இலவச ப்ளகினையும் சேர்த்துப் போடுங்கள். கிழிந்த மூலைகளை நிரப்ப அது தேவைப்படும்.

படத்தைத் தொடும் முன்

ஈரத்துணியால் துடைக்காதீர்கள். படம் இருப்பது ஜெலட்டின் படலத்துக்குள். நீர் பட்டால் அது உப்பி, துணியோடு உரிந்து வரும். லென்ஸ் துடைக்க வைத்திருக்கும் ரப்பர் ஊதுகுழலால் ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. பின்பலகையை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பொட்டு வைத்த சந்தனமும் குங்குமமும் பெரும்பாலும் கண்ணாடியின் வெளிப்பக்கம்தான் இருக்கும். அதை மட்டும் துணியால் எடுத்துவிடலாம்.

பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள ஆல்பங்களில் படம் பிடித்துக்கொண்டு வராவிட்டால், பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு ரம்பம்போல மெல்ல இழுத்துப் பாருங்கள். இடம் கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கை மட்டும் விலக்கி, பக்கத்தோடு ஸ்கேனரில் கவிழ்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேன்

4 x 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. அப்போது 2400 x 3600 பிக்சல் கிடைக்கும், 300 டிபிஐயில் 8 x 12 அங்குலமாகப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடலாம். பாஸ்போர்ட் சைஸுக்கு 1200 டிபிஐ. 3.5 செ.மீ. அகலம் 1650 பிக்சலைத் தொடும். அதற்கு மேல் ஏற்றுவதால் காகிதத்தின் நார் தெரியுமே தவிர முகத்தில் புதிதாக எதுவும் தெரியாது.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். இந்த ஒரு வரியை மறந்துவிட்டால் கீழே வரும் மிகப் பயனுள்ள வித்தையைச் செய்ய முடியாது. ஸ்கேனரில் 48 பிட் கலர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் 24 பிட். டிஃப் வடிவத்தில் சேமியுங்கள். 4 x 6 படம் 24 பிட்டில் சுமார் 26 எம்பி, 48 பிட்டில் அதன் இரு மடங்கு. ஸ்கேனர் மென்பொருளில் ஆட்டோ கலர், ஷார்ப்பன், டஸ்ட் ரிமூவல் என்று எது டிக் ஆகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்த வேலைகளை நாம் பார்த்துப் பார்த்துச் செய்யப்போகிறோம். ஸ்கேனரோடு வந்த மென்பொருள் தொலைந்திருந்தால் நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருள் மூன்று இயங்குதளங்களிலும் வேலை செய்யும்.

பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் வகை சென்சார்தான். கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும் தெளிவாக விழும், 2 மி.மீ. உயர்ந்தாலே மங்கும். சுருண்ட படத்தின் நடுப்பகுதியோ ஓரமோ மசமசவென்று இருந்தால் காரணம் இதுதான். மூடியின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் சரியாகும். கண்ணாடியோடு ஒட்டிய படங்களுக்கு இந்த ஸ்கேனர் உதவாது, ஃபோனில் எடுப்பதே மேல்.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்பவர்கள், “600 டிபிஐ, கலர், டிஃப் ஃபைல்” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆவணங்களுக்கு வைத்திருக்கும் செட்டிங்கிலேயே எடுத்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவார்கள்.

ஃபோனில் எடுப்பதானால்: நேர் வெயில் படாத ஜன்னலோரம், தரையில் படம், ஃப்ளாஷ் அணைத்தல், ஃபோன் படத்துக்கு இணையாக. அருகில் போகாமல் சற்று உயரத்தில் நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். அருகில் போனால் ஓரங்கள் வளையும், உங்கள் நிழலும் விழும். கண்ணாடியில் பிம்பம் அடித்தால் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலி நான்கு இடங்களிலிருந்து எடுத்து, பளபளப்பை நீக்கி ஒன்றாக்கித் தரும்.

பட்டுத்துணிபோலவோ தேன்கூடுபோலவோ மேற்பரப்பில் கோலம் அழுத்திய ஸ்டுடியோ பேப்பரை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குட்டி நிழல் உண்டாகி, முகம் முழுக்கப் புள்ளியாகத் தெரியும். இதற்கு எளிய வழி: ஒரு முறை நேராக ஸ்கேன் செய்யுங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஜிம்ப்பில் இரண்டையும் இரு லேயர்களாகத் திறந்து, இரண்டாவதை 180 டிகிரி சுழற்றிப் பொருத்தி, மேல் லேயரின் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 50 ஆக்குங்கள். இரண்டிலும் நிழல் எதிரெதிர்ப் பக்கம் விழுந்திருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொருத்தும்போது கண்ணின் கருமணியைப் பெரிதாக்கி வைத்துப் பாருங்கள். ஒரு பிக்சல் தள்ளியிருந்தாலும் முகம் கலங்கிவிடும்.

ஸ்கேன் ஆன டிஃப் ஃபைலை ‘மூலம்’ என்ற ஃபோல்டரில் போட்டு அதன் பிறகு தொடாதீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு முறை ஸ்கேன் செய்துவிடுங்கள். தேதி, ஸ்டுடியோ முத்திரை, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கறுப்பு வெள்ளை: மூன்று சேனல்களில் ஒன்று

கலர் ஸ்கேன் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தனித்தனிப் படங்கள். பழுது மூன்றிலும் ஒரே அளவில் பதிவதில்லை. மஞ்சளும் பழுப்புமான கறை நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். அதனால் நீலச் சேனலில் கன்னங்கரேலென்று இருக்கும் கறை, சிவப்புச் சேனலில் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும்.

பார்க்கும் முறை: கலர்ஸ் மெனுவில் காம்போனன்ட்ஸ், அதற்குள் டீகம்போஸ். கலர் மாடல் ஆர்ஜிபி, டீகம்போஸ் டு லேயர்ஸ் டிக். ஓகே கொடுத்தால் மூன்று லேயர்களோடு புதிய படம் திறக்கும். கண் சின்னங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

சான்றிதழ் முகத்தை எடுத்துக்கொள்வோம். கன்னத்தின் மேல் சிவப்பு மையில் வட்ட முத்திரை, பாதி எழுத்து முகத்தில், பாதி காகிதத்தில். க்ளோன் கருவியோடு உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை, முடிவில் கன்னம் பிளாஸ்டிக் போலிருக்கும். சிவப்புச் சேனலை மட்டும் வைத்துப் பாருங்கள். சிவப்பு மை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், வெளிர்ந்த பகுதிகளில் அது காகிதத்தோடு காகிதமாகிவிடும். முத்திரையின் பெரும்பகுதி ஒரே சொடுக்கில் போய்விட்டது, மிச்சத்தை ஹீல் செய்தால் போதும். நீல பால்பாயின்ட் கையெழுத்துக்கு நீலச் சேனலைப் பாருங்கள். ஊதா மை பச்சை ஒளியை விழுங்குவது. அதற்குப் பச்சையைத் தவிர்த்து மற்ற இரண்டில் எது தேவலை என்று பார்க்க வேண்டும். கறுப்பு மைக்கு இந்த வித்தை செல்லாது.

இதற்கு நேரெதிரான நிலை ஒன்றும் உண்டு. படமே வெளிறி, மஞ்சளாய் ஆவிபோலத் தெரியும் பழைய பிரிண்டில் உருவம் மஞ்சள் சாயலாகவே மிஞ்சியிருக்கும். அங்கே சிவப்புச் சேனலை எடுத்தால் கறையோடு ஆளும் காணாமல் போவார். நீலச் சேனலில்தான் உருவம் திடமாக நிற்கும், கூடவே எல்லாப் புள்ளிகளும் நிற்கும். சகித்துக்கொண்டு சரிசெய்ய வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் படங்களுக்கு, கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட்டுக்குள் இருக்கும் மோனோ மிக்ஸரில் சிவப்பு 0.7, பச்சை 0.3, நீலம் 0 என்று தொடங்கி நகர்த்திப் பாருங்கள். மூன்றின் கூட்டுத்தொகை 1 ஆக இருந்தால் வெளிச்சம் மாறாது.

அடுத்தது லெவல்ஸ். மங்கிய படத்தின் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கக் கறுப்பிலிருந்து வலப்பக்க வெள்ளைவரை எங்கே எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) நடுவில் ஒரு சிறு குன்றாக நிற்கும். கறுப்பு முக்கோணத்தைக் குன்றின் இடது அடிவாரத்துக்கும், வெள்ளை முக்கோணத்தை வலது அடிவாரத்துக்கும் கொண்டுவாருங்கள். அடிவாரத்தைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். போனால் கொண்டை மயிரின் இழைகள் ஒரே கறுப்புத் திட்டாகும், வேட்டியின் மடிப்புகள் வெறும் வெள்ளையாகும். 24 பிட் ஸ்கேன் என்பது சேனலுக்கு 8 பிட், அதில் மொத்தம் 256 படிகள்தான். மங்கிய படம் அதில் 90 படிகளுக்குள் ஒடுங்கியிருந்தால், அதை 256-க்கு இழுக்கும்போது இடையிடையே வெற்றிடம் விழுந்து, பின்னணித் திரையில் பட்டை பட்டையாகத் தெரியும். 48 பிட்டில் ஸ்கேன் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

சிவந்துபோன கலர் படங்கள்

1970-களின் கலர் பேப்பர்கள் பலவற்றில், ஆல்பத்தின் இருட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் மெல்ல அழிந்துகொண்டே இருக்கும். சிவப்பு ஒளியைத் தடுப்பது சயான்தான். அது போனால் எல்லாம் சிவப்பாகும். ஹிஸ்டோகிராமில் சிவப்புச் சேனலின் குன்று முழுக்க வலப்பக்கம் ஒதுங்கி நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

முதலில் படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை பார்டரை வெட்டிய பிரதி ஒன்று எடுங்கள். பார்டர் இருந்தால் அதன் வெள்ளையும் குன்றோடு சேர்ந்து கணக்கைக் குழப்பும். லெவல்ஸைத் திறந்து, சேனல் பட்டியலில் சிவப்பைத் தேர்ந்து, கறுப்பு முக்கோணத்தைக் குன்று தொடங்கும் இடம்வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். பாதிச் சிவப்பு அங்கேயே இறங்கிவிடும். பச்சை, நீலம் இரண்டையும் அதேபோல இரு அடிவாரங்களுக்கும் இழுங்கள். நீலத்தில் பெரும்பாலும் வெள்ளை முக்கோணம்தான் இடப்பக்கம் வர வேண்டியிருக்கும், காகிதம் மஞ்சளித்திருப்பதால். கடைசியில் வேல்யூ சேனலில் நடு முக்கோணத்தை வைத்து மொத்த வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்.

கலர்ஸ் மெனுவில் ஆட்டோவுக்குள் இருக்கும் வைட் பேலன்ஸ் இதையேதான் தானாகச் செய்கிறது. ஒவ்வொரு சேனலிலும் இரு முனைகளிலும் 0.05 சதவீதப் பிக்சல்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தை இழுத்து நீட்டுகிறது. அவசரத்துக்கு முயன்று பார்க்கலாம். படத்தில் உண்மையான கறுப்போ வெள்ளையோ இல்லாவிட்டால், உதாரணமாகச் சூரிய அஸ்தமனத்தில் எடுத்த படம், அது கெடுத்துவிடும்.

லெவல்ஸில் உள்ள சாம்பல் துளிசொட்டியால் நடுநிலை நிறத்தைக் குறிக்கும்போது, எதைத் தொடுகிறோம் என்று யோசியுங்கள். வெள்ளை வேட்டி வசதியாகத் தோன்றும். ஆனால் நீலம் போட்டு அலசிய வேட்டி உண்மையிலேயே கொஞ்சம் நீலமாகத்தான் இருந்திருக்கும். அதைச் சாம்பலாக்கினால் முகமெல்லாம் மஞ்சளாகிவிடும். நரைத்த தலைமுடியோ சிமென்ட் தரையோ நம்பகமானது.

தோலின் நிறத்தை எண்ணாலும் சரிபார்க்கலாம். கலர் பிக்கரால் நெற்றியைத் தொட்டால் சிவப்பு அதிகமாகவும், பச்சை அதற்கடுத்தும், நீலம் கடைசியாகவும் வர வேண்டும். பச்சை சிவப்பை எட்டிப் பிடித்தால் முகம் காமாலை கண்டதுபோல இருக்கும். ஆட்டோ கருவிகள் பலவும் முகத்தை வெளுக்கப் பார்க்கும். கறுத்த முகத்தையும் மாநிற முகத்தையும் வெளுப்பாக்குவது சீரமைப்பில் சேராது. வீட்டார் கேட்டாலும் மூலத்தின் நிறத்தில் ஒரு பிரதியைத் தனியே வைத்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உதட்டிலும் சேலைக் கரையிலும் நகையிலும் மட்டும் ஸ்டுடியோவில் கையால் வண்ணம் தீட்டியிருந்தால், அது கறை அல்ல. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரரின் கைவேலை. சேனல் வித்தையைப் போட்டு அதை அழித்துவிடாதீர்கள்.

புள்ளி, பூஞ்சை, கீறல்

நிறத்தைச் சரிசெய்த பிறகுதான் இந்தக் கட்டம். மங்கிய நிலையில் கண்ணுக்குப் படாத கறைகள், லெவல்ஸ் போட்டதும் எழுந்து வரும். முன்பே துடைத்திருந்தால் மறுபடி துடைக்க வேண்டியிருக்கும்.

லேயரை டூப்ளிகேட் செய்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். 100 முதல் 200 சதவீத ஜூம் போதும். 400-க்குப் போனால் காகிதத்தின் ஒவ்வொரு துகளும் பழுதாகத் தெரியும், வேலை முடியவே முடியாது.

வெள்ளைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தூவியதுபோல இருந்தால், ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். இன்னொரு டூப்ளிகேட் எடுத்து, ஃபில்டர்ஸ் மெனுவில் ப்ளர், அதற்குள் மீடியன் ப்ளர், ஆரம் 4 அல்லது 5. படம் மசங்கும், பயப்பட வேண்டாம். அந்த லேயரின் மோடை டார்க்கன் ஒன்லி ஆக்குங்கள். இப்போது மேல் லேயர் கீழுள்ளதைவிடக் கறுப்பாக இருக்கும் இடங்களில் மட்டும் தெரியும். வெள்ளைப் புள்ளிகள் அடங்கிவிடும். கறுப்புப் புள்ளிகளுக்கு லைட்டன் ஒன்லி. பிறகு லேயர் மாஸ்க்கைக் கறுப்பாகச் சேர்த்து (கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்), புள்ளியுள்ள பின்னணி, சுவர், வானம் போன்ற இடங்களில் மட்டும் வெள்ளைப் பிரஷ்ஷால் தடவுங்கள். கண்ணுக்கு மேல் தடவாதீர்கள். கருமணியில் மின்னும் வெளிச்சமும், மூக்குத்திக் கல்லும், தோட்டின் மினுக்கமும் இந்தக் கருவிக்கு வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான். அவை போனால் முகத்தில் உயிர் போய்விடும்.

கீறல்களுக்கு ஹீல், விசை எச். க்ளோனுக்கு சி. இரண்டிலும் கண்ட்ரோலை அழுத்தியபடி நல்ல இடத்தைச் சொடுக்கி மாதிரி எடுத்து, பழுதின் மேல் தடவ வேண்டும். சதுர அடைப்புக்குறி விசைகளால் பிரஷ் சிறிதாகும், பெரிதாகும். நீண்ட நேர்க்கோட்டுக் கீறலுக்கு ஒரு முனையில் சொடுக்கி, ஷிஃப்டை அழுத்தியபடி மறுமுனையில் சொடுக்கினால் கோடு முழுக்க ஒரே இழுப்பில் போகும்.

ஹீல் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துகொள்ளும். கன்னம், வானம், சுவர் இவற்றுக்கு அருமை. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில் அதே குணம்தான் கெடுக்கிறது. அடுத்த பக்கத்துக் கறுப்பை இழுத்துப் பூசி அழுக்குத் தீற்றலாக்கிவிடும். விளிம்புகளில் எப்போதும் க்ளோன்தான்.

புருவத்தின் குறுக்கே ஓடும் ஒரு கீறலைப் பார்ப்போம். கீறல் 5 பிக்சல் அகலம். பிரஷ் 8 பிக்சல், ஹார்ட்னஸ் 75. நெற்றித் தோலில் இருக்கும் பகுதியை ஹீலால் முடித்து, புருவத்துக்கு 10 பிக்சல் முன்பே நிறுத்துங்கள். க்ளோனுக்கு மாறுங்கள். கீறலுக்கு ஒட்டினாற்போல, அதே புருவத்தில், மயிர் அதே சாய்வில் ஓடும் இடத்திலிருந்து மாதிரி எடுங்கள். இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். மூன்று நான்கு ஒற்றலுக்கு ஒருமுறை மாதிரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே மயிர்க்கற்றை வரிசையாக அச்சடித்ததுபோல் தெரியும். புருவம் முடிந்து இமை தொடங்கும் இடத்தில் மறுபடி ஹீல். மொத்தம் பத்து நிமிட வேலை.

நடுவில் மடித்து வைத்த படங்களில் மடிப்பு நெடுகப் படலமே உதிர்ந்து வெள்ளைக் கோடு ஓடும். பின்னணியில் தொடங்கி, அடுத்து உடை, கடைசியில் முகம் என்று போங்கள். முகத்துக்கு வருவதற்குள் கை பழகியிருக்கும்.

மூலை கிழிந்து காணாமல் போயிருந்தால் ஜி’மிக். படம் ஆர்ஜிபி மோடில் இருக்கிறதா என்று பாருங்கள், கிரேஸ்கேலில் சிவப்பு பூச முடியாது. காணாத பகுதியை பென்சில் கருவியால் சுத்தச் சிவப்பு, அதாவது 255, 0, 0 கொண்டு நிரப்புங்கள். பெயின்ட்பிரஷ் வேண்டாம். அதன் மென்மையான ஓரம் இளஞ்சிவப்பாக மிஞ்சி, நிரப்பிய பிறகும் வளையமாகத் தெரியும். ஜி’மிக்கில் ரிப்பேர் பிரிவில் இன்பெயின்ட் பேட்ச் பேஸ்டு. சுவர், தரை, ஸ்டுடியோவின் வரைந்த திரை இவற்றை நன்றாக நிரப்பும். ஜரிகைக் கரையில் அன்னமும் மாங்காயும் இருந்தால் குழம்பி எதையோ போடும். அங்கே நல்ல பகுதியைத் தேர்ந்து பிரதியெடுத்து, சுழற்றிப் பொருத்துவதுதான் வழி.

பாதி முகம் போயிருந்தால் மறுபாதியைத் திருப்பி ஒட்டும் யோசனை எல்லோருக்கும் வரும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுந்திருக்கும், வகிடும் ஒரு பக்கம் இருக்கும். ஒட்டினால் வேறு யாரோ பார்ப்பார். அதே கோணத்தில் இன்னொரு படம் கிடைத்தால் ஒழிய விட்டுவிடுவது நல்லது.

ஒட்டிய இடங்கள் வழவழப்பாகவும் மற்ற இடங்கள் பொடிபொடியாகவும் தெரிந்தால், அந்த இடங்களை மட்டும் தேர்ந்து நாய்ஸ் மெனுவில் ஆர்ஜிபி நாய்ஸ் 0.03 முதல் 0.06 வரை சேருங்கள். கறுப்பு வெள்ளையில் இண்டிபெண்டன்ட் ஆர்ஜிபி டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கலர்ப் பொடி தூவும்.

ஏஐ: எங்கே விடலாம், எங்கே கூடாது

முகத்தைத் தெளிவாக்கும் இலவசக் கருவிகளில் ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் இரண்டும் பரவலானவை. இவை இருப்பதைத் தெளிவாக்குவதைவிட, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைவதே அதிகம். ஜிஎஃப்பிகேன் பழகியது ஃப்ளிக்கரிலிருந்து திரட்டிய 70,000 முகப் படங்களில். முகத்தை 512 x 512 பிக்சலாக்கி வேலை செய்கிறது. குழுப் படத்தில் உங்கள் பாட்டியின் முகம் 60 பிக்சல் என்றால், திரும்பி வரும் முகத்தில் பெரும்பங்கு கற்பனை. மூக்குத்தி தூசியாகப் போகலாம், விபூதிப் பட்டை நெற்றிச் சுருக்கமாகலாம், பல் வரிசை மாறலாம்.

அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. ஏஐ தந்த படத்தை மேல் லேயராக வைத்து, ஒபாசிட்டி 30 அல்லது 40. கறுப்பு மாஸ்க் போட்டு, தோலிலும் முடியிலும் மட்டும் வெளிக்கொண்டு வாருங்கள். கண், மூக்கு, வாய் மூலத்தினுடையதாகவே இருக்கட்டும். கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஒரு நகர்த்தி உண்டு. 1-ஐ நெருங்க நெருங்க மூலத்துக்கு விசுவாசம், 0 பக்கம் அழகு. 0.7-க்குக் கீழே இறக்காதீர்கள். ‘இந்தப் படத்தைச் சரிசெய்து கொடு’ என்று எழுதிக் கேட்கும் உரையாடல் ஏஐகள் பெரும்பாலும் படம் முழுவதையும் புதிதாக வரைந்து தருபவை. மூலத்தோடு லேயராக வைத்துப் பார்த்தால் காதின் வடிவம்கூட மாறியிருப்பது தெரியும்.

பெரிதாக்குவதற்கு அப்ஸ்கேல் என்ற இலவச மென்பொருள் உண்டு. வல்கன் என்ற கிராஃபிக்ஸ் தொழில்நுட்பத்தை ஏற்கும் கார்டு வேண்டும். 600 டிபிஐ ஸ்கேன் கையில் இருந்தால் 8 x 12 வரை அது தேவைப்படாது.

கறுப்பு வெள்ளையைக் கலராக்கும் ஏஐக்குச் சேலையின் நிறம் தெரியாது. அரக்கும் கரும்பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகலாம். பாட்டி இருந்தால் கேளுங்கள். கலராக்கியதைத் தனி ஃபைலாக, பெயரிலேயே ‘கலர் பின்னால் சேர்த்தது’ என்று எழுதிச் சேமியுங்கள்.

பிரிண்ட்

ஷார்ப்பன் எப்போதும் கடைசி வேலை, பிரிண்ட் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு. என்ஹான்ஸ் மெனுவில் ஷார்ப்பன், ஆரம் 1.5, அளவு 0.5 என்று தொடங்குங்கள். முகத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் குறையுங்கள். வேலைப்பிரதியை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவும், பிரிண்ட் போடும் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறமுறையில் ஜேபெக் ஆகவும், தரம் 95-ல் எடுங்கள்.

கடையில் “கரெக்‌ஷன் போடாமல் அப்படியே போடுங்கள்” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சில லேபுகளில் இயந்திரம் தன் பங்குக்கு வெளுத்துவிடும். முதலில் 4 x 6-ல் ஒரு மாதிரி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையைவிடப் பிரிண்ட் இருண்டிருந்தால், பெரும்பாலும் திரையின் பிரைட்னஸ் அதிகம் என்று அர்த்தம். 12 x 18-க்கு 3600 x 5400 பிக்சல் இருந்தால் நல்லது. சுவரில் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அதில் பாதி இருந்தாலும் மோசமில்லை. மேட் பேப்பர் கேளுங்கள், ஒட்டுப்போட்ட இடங்கள் கிளாஸியில் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

லேபுக்கும் உறவினர்களுக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் அது சுருக்கிவிடும், மூன்று மாலை உட்கார்ந்து மீட்ட புருவ மயிரெல்லாம் மறுபடி மசமசப்பாகும். மூலப் பிரிண்டை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஜெலட்டின் இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, குளியலறைச் சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.